நியூட்டனின் குதிரையும் நாக்பூர் மாட்டு வண்டியும்



சென்ற கோடை விடுமுறைக்கு என் பிள்ளையும் மாட்டுப்பெண்ணும் பேரனும் பெங்களூரிலிருந்து நாக்பூருக்கு வந்திருந்தார்கள். அழைத்துவர ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். பத்தாம் வகுப்புக்குப் போகப்போகும் பேரன், சக்கரம் வைத்த பெரிய பெட்டியை ஒரு கையால் இழுத்துக்கொண்டு என்னோடு பிளாட்பாரத்தில் நடந்து வந்தான். பாதி வழியில் நின்றுவிட்டான். தான் பெட்டியை எவ்வளவு விசையோடு இழுக்கிறானோ, அதே அளவு விசையோடு பெட்டியும் தன்னைப் பின்பக்கம் இழுக்கிறது என்று நியூட்டனின் மூன்றாம் விதி சொல்கிறதே, இரண்டும் சமம், திசை மட்டும் எதிர் என்றால் ஒன்றுக்கு ஒன்று சரியாகப் போய்விட வேண்டாமா, பெட்டி எப்படி நகர்கிறது என்று கேட்டான்.

வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. ஆத்துக்குப் போய்ச் சொல்கிறேன் என்று அப்போதைக்குச் சமாளித்தேன். ஆனால் கேள்வி என்னைச் சுரீரென்று தைத்துவிட்டது. காரணம், இதே கேள்வியை என்னிடம் வேறொரு பையன் முன்பே கேட்டிருக்கிறான்.

நான் 34 வருஷம் நாக்பூரில் பௌதிக ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். 1986-ல் ஒரு நாள் ஒன்பதாம் வகுப்பில் இயக்க விதிகள் மூன்றையும் கரும்பலகையில் எழுதிப்போட்டு, மனப்பாடம் செய்யச் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். விதர்ப கிராமம் ஒன்றிலிருந்து வந்து உறவினர் வீட்டில் தங்கிப் படித்தவன். மாடு வண்டியை இழுக்கிற அளவுக்கு வண்டியும் மாட்டை இழுக்கிறதென்றால், பருத்தி ஏற்றிய வண்டி ஜின்னிங் மில் வரை எப்படிப் போய்ச் சேருகிறது என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. எனக்கே பதில் தெளிவாகத் தெரியாது என்பதுதான் உண்மை. தெரியாது என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. பரீட்சையில் வண்டி வராது, விதிதான் வரும், உட்கார் என்று அதட்டினேன். அவன் உட்கார்ந்தான். அந்த வருஷம் முடிகிற வரை என் வகுப்பில் அவன் மறுபடி வாயைத் திறக்கவில்லை.

ஓய்வு பெற்ற பிறகுதான் நியூட்டனின் சரித்திரத்தைச் சிரத்தையாகப் படிக்க வாய்த்தது. நான் ஒரே பீரியடில் எழுதிப்போட்டு அழித்த அந்த மூன்று வரிகளுக்குப் பின்னால் எத்தனை வருஷம், எத்தனை பிசகு, எத்தனை பேருடைய கேள்விகள் இருந்தன என்று தெரிந்தபோது வெட்கமாக இருந்தது. பேரனுக்குச் சொன்ன அந்தக் கதையை உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன்.

தகப்பனைப் பார்க்காத குழந்தை

ஐசக் நியூட்டன் 1642 டிசம்பர் 25-ந் தேதி, இங்கிலாந்தில் லிங்கன்ஷயர் பகுதியிலுள்ள வூல்ஸ்தார்ப் என்ற சிறு கிராமத்தில் பிறந்தார். இங்கிலாந்து அப்போது பழைய காலண்டரைப் பின்பற்றியது. இன்றைய காலண்டர்படி அது 1643 ஜனவரி 4. தகப்பனாரின் பெயரும் ஐசக்தான். நிலமும் ஆடுமாடுகளும் உள்ள விவசாயி; ஆனால் கையெழுத்துப் போடத் தெரியாதவர். குழந்தை பிறப்பதற்குச் சுமார் மூன்று மாதம் முன்பே அவர் காலமாகிவிட்டார். பிறந்த குழந்தையும் மிகச் சிறியது. பிழைக்கும் என்று யாரும் நம்பவில்லை.

குழந்தைக்கு மூன்று வயதானபோது தாயார் ஹன்னா, பக்கத்து ஊர்ப் பாதிரியாரான பார்னபஸ் ஸ்மித் என்பவரை மறுமணம் செய்துகொண்டு போனார். பிள்ளையைக் கூட அழைத்துப் போகவில்லை. பாட்டியிடம் விட்டுவிட்டார். 1653-ல் ஸ்மித் இறந்த பிறகுதான் தாயார் திரும்பி வந்தார், கூடவே புதுத் தம்பி தங்கைகள் மூன்று பேரோடு. இந்தப் பிரிவு அந்தச் சிறுவனின் மனதில் ஆறாத ரணமாகிவிட்டது. 19 வயதில், தான் செய்த பாவங்களைச் சுருக்கெழுத்தில் பட்டியல் போட்டபோது, தாயையும் மாற்றாந் தகப்பனையும் வீட்டோடு கொளுத்திவிடுவதாக மிரட்டியதையும் அதில் சேர்த்திருக்கிறார். யாரையும் எளிதில் நம்பாமை, மறுத்துப் பேசுகிறவர்களை விரோதியாக நினைப்பது என்று பிற்காலத்தில் அவரிடம் காணப்பட்ட குணங்களுக்கு இந்தப் பால்ய துக்கமே வேர் என்று சரித்திர ஆசிரியர்கள் சிலர் கருதுகிறார்கள்.

பன்னிரண்டு வயதுக்கு மேல் கிரான்தம் என்ற பக்கத்து ஊர்ப் பள்ளியில் சேர்ந்து, ஒரு மருந்துக் கடைக்காரர் வீட்டில் தங்கிப் படித்தான். விளையாட்டில் சேராத பையன். ஆனால் கை சும்மா இருக்காது. சின்னக் காற்றாலை செய்வான். தண்ணீர்க் கடிகாரம் செய்வான். சுவரில் நிழல் கடிகாரம் வரைவான். பட்டத்தின் வாலில் விளக்கைக் கட்டி இரவில் பறக்கவிட்டு ஊரைப் பயமுறுத்துவான்.

1658 செப்டம்பரில் இங்கிலாந்தை ஆண்ட கிராம்வெல் இறந்த சமயத்தில் பெரும் புயல் வீசியது. எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டிருக்க, 15 வயது நியூட்டன் வெளியே போய்த் தாண்டிக் குதித்துக்கொண்டிருந்தான். காற்று வீசும் திசையில் ஒரு தாண்டல், காற்றை எதிர்த்து ஒரு தாண்டல். இரண்டு தூரங்களையும், காற்றில்லாத நாளில் தாண்டும் தூரத்தோடு ஒப்பிட்டால் புயலின் விசை தெரிந்துவிடும் அல்லவா? தன் முதல் பரிசோதனைகளில் இது ஒன்று என்று கிழவயதில் அவரே சொல்லியிருக்கிறார். விசை என்பதை அவர் முதலில் அறிந்தது புத்தகத்தில் இல்லை; தன் உடம்பின் மேல் மோதிய காற்றில்.

பிள்ளை விவசாயம் பார்த்தால் போதும் என்று தாயார் படிப்பை நிறுத்தினார். ஆடு மேய்க்கப் போனவன் வேலியடியில் புத்தகத்தோடு உட்கார்ந்துவிட்டான். ஆடுகளும் பன்றிகளும் அடுத்தவர் நிலத்தில் புகுந்தன. அதற்காக 1659-ல் அபராதம் விதிக்கப்பட்ட பதிவு இன்றும் இருக்கிறது. பள்ளித் தலைமை ஆசிரியர் ஸ்டோக்ஸும், தாய்மாமாவும் மன்றாடிய பிறகே தாயார் இறங்கி வந்தார். அந்த ஆசிரியரை நினைக்கும்போதெல்லாம் நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். அவர் மட்டும் அந்தப் பையனை வயலோடு விட்டிருந்தால்?

மாற்றாந் தகப்பனின் நோட்டுப் புத்தகம்

1661 ஜூனில் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்தார் நியூட்டன். தாயாருக்கு வசதி இருந்தும் தாராளமாகப் பணம் தரவில்லை போலும். வசதியுள்ள மாணவர்களுக்கு எடுபிடி வேலை செய்து படிக்கும் வகுப்பில்தான் அவர் சேர்க்கப்பட்டார். பல்கலைக்கழகத்தில் அப்போதும் அரிஸ்டாட்டில் பாடம்தான். நியூட்டன் தாமாகவே டெகார்ட்டின் நூல்களைத் தேடிப் படித்தார்.

1665-ல் பட்டம் பெற்ற கையோடு பிளேக் நோய் பரவிப் பல்கலைக்கழகம் மூடப்பட்டது. நியூட்டன் வூல்ஸ்தார்ப் திரும்பினார். அவரிடம் ஒரு பெரிய நோட்டுப் புத்தகம் இருந்தது. மாற்றாந் தகப்பனார் ஸ்மித், மதக் குறிப்புகள் எழுதவென்று வாங்கி, பெரும்பாலும் வெற்றாகவே விட்டுப்போன கனமான புத்தகம். கொளுத்திவிடுவேன் என்று எவரை மிரட்டினாரோ, அவருடைய காகிதத்தில்தான் நியூட்டன் தன் புதிய கணிதத்தையும், பொருள்கள் மோதிக்கொள்வது பற்றிய ஆராய்ச்சியையும் எழுதினார். காகிதம் விலையுயர்ந்த காலம் அது.

இங்கே முதல் விதியைச் சொல்லியாக வேண்டும். கேரம் போர்டில் போரிக் பவுடர் தூவாமல் ஸ்டிரைக்கரைச் சுண்டிப் பாருங்கள். கொஞ்ச தூரம் போய் நிற்கும். பவுடர் தூவிச் சுண்டினால் அதே சுண்டலுக்கு எதிர்ச் சட்டத்தில் மோதித் திரும்பி வரும். நாம் கொடுத்த விசை தீர்ந்துபோனதால் காய் நிற்கிறது என்று தோன்றுவது இயற்கை. இரண்டாயிரம் வருஷம் உலகம் அப்படித்தான் நம்பியது. உண்மை வேறு. விரலை விட்டுப் பிரிந்த பிறகு காயைத் தள்ள யாருமில்லை, தள்ளவும் தேவையில்லை. பலகையின் உராய்வுதான் அதை நிறுத்துகிறது. உராய்வைக் குறைக்கக் குறைக்கக் காய் போகும் தூரம் கூடுகிறது. உராய்வே இல்லையென்றால் அது நேர்கோட்டில், ஒரே வேகத்தில் போய்க்கொண்டே இருக்கும்.

கலிலியோவும் டெகார்ட்டும் இந்த வழியில் முன்பே நடந்தவர்கள். நியூட்டன் அவர்களிடமிருந்து பெற்றுக்கொண்டார். ஆனால் பெற்ற உடனே தெளிந்துவிடவில்லை. ஓடும் பொருளுக்குள் ஏதோ ஒரு விசை இருந்து அதை ஓட்டுகிறது என்ற பழைய எண்ணம் அவரையும் வெகுகாலம் விடவில்லை. 23 வயது மேதைக்கே அப்படியென்றால், 14 வயதுப் பிள்ளைகள் ஒரு வகுப்பு நேரத்தில் புரிந்துகொள்ள வேண்டுமென்று நான் எதிர்பார்த்தேனே!

ஆப்பிள் கதையும் இந்தக் காலத்தியதுதான். தோட்டத்தில் ஆப்பிள் விழுந்ததைப் பார்த்து யோசனை பிறந்ததாக 1726-ல் நண்பர் ஸ்டூக்லியிடம் நியூட்டனே சொன்னார். தலையில் விழுந்ததாகச் சொல்வது பின்னால் சேர்த்த அலங்காரம். அந்த மரம் 1820-ல் சாய்ந்து, மறுபடி துளிர்த்து, இன்றும் வூல்ஸ்தார்ப் வீட்டின் முன்னால் இருக்கிறது. ஆப்பிளை இழுக்கும் விசை சந்திரன் வரை எட்டுமா என்பதுதான் கேள்வி. கணக்குப் போட்டார். பூமியின் அளவுக்கு மாலுமிகள் வழக்கிலிருந்த தவறான எண்ணைப் பயன்படுத்தியதால் விடை சரியாகப் பொருந்தவில்லை. ஏறக்குறைய இருபது வருஷம் அந்த விஷயம் முற்றுப்பெறாமலே கிடந்தது.

கேள்வியைப் பொறுக்காத மனிதர்

1667-ல் கேம்பிரிட்ஜ் திரும்பினார். 1669-ல், 26 வயதில், கணிதப் பேராசிரியர் பதவி கிடைத்தது. அவருடைய வகுப்புக்கு வருகிறவர்கள் மிகக் குறைவு, வந்தவர்களுக்கும் புரிவதில்லை, சில நாள் காலி அறைக்குப் பாடம் சொல்லிவிட்டு வருவாராம். இதைப் படித்தபோது, ஆசிரியராக எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது!

தன் கையாலேயே கண்ணாடி தேய்த்து ஒரு சிறு தொலைநோக்கி செய்தார். அதைப் பார்த்து வியந்த ராயல் சொசைட்டி 1672-ல் அவரை அங்கத்தினராக்கியது. அதே வருஷம் வெள்ளை ஒளியில் எல்லா நிறங்களும் கலந்திருக்கின்றன என்ற கட்டுரையை அனுப்பினார். அங்கே பரிசோதனைகளுக்குப் பொறுப்பாளராக இருந்த ராபர்ட் ஹூக் அதை மறுத்து எழுதினார். நியூட்டனால் தாங்க முடியவில்லை. சண்டை வளர்ந்தது. இனி எதையும் வெளியிடுவதில்லை என்கிற அளவுக்கு ஒதுங்கி, ரசவாதத்திலும் வேத நூல் ஆராய்ச்சியிலும் மூழ்கிவிட்டார்.

1679-ல் தாயார் நோயில் விழுந்தார். எந்தத் தாய் தன்னை விட்டுப் போனாரோ, அந்தத் தாய்க்கு ராத்திரி பகலாகத் தானே பணிவிடை செய்தார். அவர் காலமான பிறகு கேம்பிரிட்ஜ் திரும்பியபோது ஹூக்கின் கடிதம் காத்திருந்தது. பகையை மறந்து மறுபடி கடிதத் தொடர்பு கொள்ளலாம் என்ற அழைப்பு. நியூட்டன் தம் பதிலில், கோபுரத்திலிருந்து போட்ட பொருள் பூமிக்குள்ளும் தடையின்றி விழ முடிந்தால் எந்தப் பாதையில் போகும் என்று ஒரு படம் வரைந்தார். சுருள் போல மையத்துக்குப் போவதாக வரைந்தது தவறு. ஹூக் அதைக் கண்டுபிடித்து, ராயல் சொசைட்டி கூட்டத்திலேயே படித்துவிட்டார். நியூட்டனுக்கு அவமானம் தாங்கவில்லை.

ஆனால் ஹூக் இன்னொன்றும் சொல்லியிருந்தார். கயிற்றில் கல்லைக் கட்டிச் சுழற்றினால் கல் வெளிப்பக்கம் ஓடப் பார்ப்பது போல நமக்குத் தோன்றுகிறது. கிரகங்களைப் பற்றி நியூட்டனும் அதுவரை அந்த வழியில்தான் யோசித்துவந்தார். கயிறு அறுந்தால் கல் எப்படிப் போகிறது என்று கவனியுங்கள். அறுந்த இடத்திலிருந்து நேர்கோட்டில் போகும். ஆகவே வெளியே தள்ளும் விசை என்று ஒன்றைத் தேட வேண்டாம். நேராகப் போகவிருக்கும் பொருளை நடுவிலிருந்து ஒரு விசை ஓயாமல் வளைத்துக்கொண்டிருக்கிறது. கிரகங்களும் அப்படித்தான் என்பது ஹூக்கின் யோசனை. அதைக் கணக்காக்கும் திறமை அவரிடம் இல்லை. நியூட்டனிடம் இருந்தது. கோபத்தோடு கோபமாகக் கணக்கைப் போட்டுப் பார்த்து, காகிதங்களை மூலையில் வைத்துவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை.

ஹாலி வந்தார்

1684 ஜனவரியில் லண்டனில் ஹூக், கட்டடக் கலைஞர் ரென், இளைஞரான எட்மண்ட் ஹாலி மூவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும் விசையால் இழுக்கப்படும் கிரகம் எந்தப் பாதையில் சுற்றும் என்பது கேள்வி. நிரூபிப்பவருக்கு 40 ஷில்லிங் பெறுமான புத்தகம் பரிசு என்றார் ரென். யாரும் நிரூபிக்கவில்லை. ஆகஸ்டில் ஹாலி கேம்பிரிட்ஜுக்கே போய் நியூட்டனிடம் கேட்டார். நீள்வட்டம் என்று உடனே பதில் வந்தது. கணக்கு எங்கே என்றால் காகிதம் கிடைக்கவில்லை. திரும்ப எழுதி அனுப்புவதாக வாக்களித்தார்.

நிலையாக இருக்கும் பொருள் வெளியிலிருந்து ஒரு விசை வரும் வரை நிலையாகவே இருக்கும் என்பதல்லவா முதல் விதி? நியூட்டன் விஷயத்தில் அந்த விசை ஹாலி கேட்ட ஒரு கேள்விதான்.

நவம்பரில் சில பக்கங்கள் கொண்ட ஏடு ஹாலிக்கு வந்தது. அதிலும் ஓடும் பொருளின் உள்ளிருக்கும் விசை என்ற பழைய எண்ணத்தின் சாயல் உண்டு. அதன் பிறகுதான் நியூட்டன் அடிப்படையிலிருந்து எல்லாவற்றையும் திருத்த உட்கார்ந்தார். எழுதி, அடித்து, மறுபடி எழுதினார். ஒரு வரைவில் விதிகள் ஆறு வரை இருந்தன. கடைசியில் மூன்றாகச் சுருங்கின. அந்தப் பதினெட்டு மாதம் சாப்பாடு அறைக்கு வந்தால் அப்படியே ஆறிக் கிடக்கும். 1687 ஜூலையில் பிரின்சிபியா என்று நாம் அழைக்கும் லத்தீன் நூல் வெளிவந்தது. ராயல் சொசைட்டியிடம் அச்சுக்கூலிக்குப் பணமில்லை. மீன்களைப் பற்றிய ஒரு பெரிய புத்தகத்தை அச்சிட்டுக் கையைக் கடித்துக்கொண்டிருந்தது. ஹாலி தன் பணத்தைப் போட்டார். அவருக்குத் தரவேண்டிய சம்பளத்துக்குப் பதிலாக, விற்காத மீன் புத்தகங்களைக் கொடுத்தார்கள்!

இரண்டாம் விதியை ஆத்துச் சமையலறையிலேயே பார்க்கலாம். நிறைந்த காஸ் சிலிண்டர் ஏறக்குறைய 29 கிலோ. காலியானது 15 கிலோ. இரண்டையும் தரையில் படுக்கவைத்து ஒரே மாதிரி, ஒரே நேரம் தள்ளினால், காலியானது கூடுதல் வேகத்தில் உருளும். அதேபோல, கிரிக்கெட்டில் பந்தைப் பிடிப்பவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டே பிடிக்கிறார். பந்தின் ஓட்டத்தை நிறுத்தித்தான் ஆக வேண்டும். அதற்குக் கூடுதல் நேரம் கொடுத்தால் கையில் படும் விசை குறைகிறது. ஓட்டத்தில் ஏற்படும் மாற்றம் விசைக்குத் தக்கபடி, விசையின் திசையிலேயே இருக்கும் என்றுதான் நியூட்டன் எழுதினார். விசை என்பது நிறையும் முடுக்கமும் பெருக்கி வருவது என்று நாம் மனப்பாடம் செய்யும் சூத்திரம் அந்த விதியில் இல்லை. பின்னால் வந்த ஆய்லர் போன்றவர்கள் வடித்துக்கொடுத்தது அது.

குதிரையைக் கண்ட நாள்

நோபல் பரிசு பெற்ற நம் சந்திரசேகர், தம் கடைசி வருஷங்களில் பிரின்சிபியாவில் ஆழ்ந்து, சாதாரண வாசகருக்கென்று ஒரு விளக்க நூல் எழுதினார். 1995-ல் அது வெளிவந்தது. அதே வருஷம் ஆகஸ்டில் அவர் காலமானார். ஒவ்வொரு தேற்றத்தையும் முதலில் தாமே நிரூபித்துப் பார்த்துவிட்டு, பிறகுதான் நியூட்டனின் நிரூபணத்தைப் பார்ப்பாராம். எண்பது வயதில் அவருக்கு அந்த மாணவ மனம் இருந்தது. அதைப் பார்த்து எனக்கும் மூல நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பைப் படிக்கும் ஆசை வந்து, நூலகத்திலிருந்து எடுத்து வந்தேன்.

முதல் விதியின் கீழே உதாரணமாகப் பம்பரம் இருந்தது. சந்தோஷப்பட்டேன். மூன்றாம் விதிக்கு வந்தேன். கல்லை விரலால் அழுத்தினால் கல்லும் விரலை அழுத்துகிறது என்று ஒரு உதாரணம். அடுத்தது, கயிற்றில் கட்டிய கல்லை இழுக்கும் குதிரை. குதிரை கல்லை இழுக்கும் அளவே கல்லும் குதிரையை இழுக்கிறது என்று நியூட்டனே எழுதியிருக்கிறார். புத்தகத்தை மூடிவிட்டேன். 1986-ல் அந்தப் பையன் கேட்டது அசட்டுக் கேள்வியல்ல. நியூட்டன் தம் நூலில் வைத்த உதாரணத்தின் வாசலில் அவன் தானாகவே வந்து நின்றிருந்தான். கதவைத் திறக்க வேண்டிய நான் சாத்தியிருக்கிறேன்.

வெறும் வாக்காக நியூட்டன் இந்த விதியைச் சொல்லிவிடவில்லை. பத்தடி நீளக் கயிறுகளில் கம்பளி நூல் உருண்டை, எஃகு, தக்கை, கண்ணாடி என்று பல பந்துகளைத் தொங்கவிட்டு மோதவைத்து அளந்தார். காந்தத்தையும் இரும்பையும் தனித்தனிப் பாத்திரத்தில் வைத்து, நிச்சலனமான தண்ணீரில் மிதக்கவிட்டார். இரண்டும் நெருங்கி ஒட்டிக்கொண்டன. அதன் பிறகு எந்தப் பக்கமும் நகரவில்லை. ஒன்றின் இழுப்பு மற்றதைவிடக் கூடுதலாக இருந்திருந்தால், ஒட்டிய ஜோடி ஒரு பக்கமாக ஓடிக்கொண்டே இருக்க வேண்டுமே!

கடைசி வருஷங்கள்

பிற்கால வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நூல் அச்சாகும்போதே, தூரத்தின் வர்க்கம் பற்றிய யோசனையில் தனக்குப் பங்கு உண்டு என்று ஹூக் சொன்னார். கோபம் கொண்ட நியூட்டன் நூலின் மூன்றாம் பாகத்தையே நிறுத்திவிடுவதாக மிரட்டினார். ஹாலிதான் சமாதானம் செய்தார். ஹூக்கின் பெயரோ பல இடங்களில் அடிபட்டது. 1693-ல் நியூட்டனுக்கு மனநிலை சற்றுப் பிறழ்ந்து, நண்பர்களைக் கண்டபடி சந்தேகித்துக் கடிதங்கள் எழுதினார், பிறகு தேறினார். 1696-ல் லண்டன் நாணயசாலைக்குப் பொறுப்பேற்று, கள்ள நாணயக்காரர்களை விடாமல் துரத்திப் பிடித்தார். ஹூக் இறந்த 1703-ம் வருஷம் ராயல் சொசைட்டியின் தலைவரானார். 1705-ல் ராணி ஆன் சர் பட்டம் அளித்தார். நுண்கணிதத்தை முதலில் கண்டவர் யார் என்று ஜெர்மனியின் லைப்னிட்ஸோடு நடந்த சண்டையில், விசாரணைக் குழுவின் அறிக்கையைத் தாமே மறைவாக எழுதினார். 1727 மார்ச்சில், 84 வயதில் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் ராஜ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள்.

இவற்றை நான் ஏன் மறைக்கவில்லையென்றால், மறுத்துப் பேசியவர்களை அவ்வளவு பெரிய மனிதராலும் சகிக்க முடியவில்லை என்பதைச் சொல்லத்தான். ஆனால் அவருடைய மகத்தான காரியம் அந்த மனிதர்களின் கேள்விகளால்தான் நடந்தது. ஹூக் தவறைச் சுட்டிக் காட்டினார். ஹாலி வீடு தேடி வந்து கேட்டார். இருவரும் சும்மா இருந்திருந்தால் அந்தக் காகிதங்கள் மூலையிலேயே கிடந்திருக்கும்.

பேரனின் பெட்டி

ஆத்துக்கு வந்ததும் பேரனின் பெட்டியில் என் பழைய புத்தகங்களை நிரப்பிக் கனமாக்கினேன். அதைச் சக்கரத்தின் மேல் நிற்கவைக்காமல், தரையில் படுக்கவைத்தேன். காலில் சாக்ஸ் போட்டுக்கொண்டு, வழவழப்பான கிரானைட் தரையில் அதை இழுக்கச் சொன்னேன். கால் வழுக்கிற்றே தவிரப் பெட்டி அசையவில்லை. சாக்ஸைக் கழற்றிவிட்டு இழுக்கச் சொன்னேன். பெட்டி வந்தது.

அவனே சொல்லிவிட்டான், விஷயம் தரையில் இருக்கிறதென்று. பெட்டி அவனைப் பின்னால் இழுப்பது உண்மை. ஆனால் அந்த இழுப்பு அவன் மேல்தான் படுகிறது, பெட்டியின் மேல் அல்ல. இரண்டு சம விசைகளும் வெவ்வேறு பொருள்களின் மேல் படுவதால் ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ள முடியாது. பெட்டியைப் பொறுத்தவரை, அவன் இழுப்பு தரையின் உராய்வைவிடக் கூடுதலானால் அது நகரும். அவனைப் பொறுத்தவரை, அவன் பாதம் தரையைப் பின்னால் தள்ளுகிறது. அதே அளவு தரை அவனை முன்னால் தள்ளுகிறது. தரையின் தள்ளல் பெட்டியின் இழுப்பைவிடக் கூடுதலாக இருந்தால் அவனும் முன்னே போவான். வழுக்கும் தரையால் அப்படித் தள்ள முடிவதில்லை.

மழைக்காலத்தில் விதர்பத்துக் கரிசல் மண்ணில் சேறாகிவிட்டால், எவ்வளவு பலமுள்ள மாடும் குளம்பு வழுக்கித் தவிக்கும், வண்டி நின்றுவிடும். அந்தப் பையன் அதை நூறு தடவை பார்த்திருப்பான். குளம்புக்கு அடியில் என்ன நடக்கிறது என்று நான் திருப்பி ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். பதிலை அவனே சொல்லியிருப்பான்.

அவனுக்கு இப்போது ஐம்பது வயது தாண்டியிருக்கும். எங்கே இருக்கிறான், என்ன செய்கிறான் என்று தெரியாது. மராட்டி பேசும் பிள்ளை. தமிழில் நான் எழுதும் இந்தப் பதில் அவனைப் போய்ச் சேராது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். நம் அங்கத்தினர்களில் பலர் என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள். பேரன் பேத்திகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பவர்கள். குழந்தை கேட்கும் கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால், தெரியவில்லை, வா, சேர்ந்து பார்ப்போம் என்று சொல்லிவிடுங்கள். உட்கார் என்று மட்டும் சொல்லாதீர்கள்.